50 பேருக்குச் சக் வேகன் சாப்பாடு: தணல் கணக்கும் சாமான் கணக்கும்

கேள்வி இதுதான்: டெக்சஸில் ஒரு முகாமில் 50 பேருக்கு, அந்தக்காலக் கௌபாய்கள் சாப்பிட்ட மாதிரியே, வெட்டவெளியில் நெருப்பு மூட்டி இரவுச் சாப்பாடு போட வேண்டும். என்ன சமைப்பது, எவ்வளவு சாமான், எத்தனை பாத்திரம், எங்கே கெட்டுப்போகும்?

நம் ஆட்கள் 50 பேர் என்றதும் அண்டாவைத் தேடுவார்கள். அங்கேதான் முதல் தவறு. சக் வேகன் என்பது மாடு ஓட்டிப்போகும் கௌபாய்களோடு கூடவே போன சமையல் வண்டி. அதன் சமையல் அண்டாச் சமையல் இல்லை. 1866-இல் சார்லஸ் குட்நைட் ராணுவத்தின் பழைய வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கம் ஒரு மரப்பெட்டி பொருத்தி இதைத் தொடங்கினார். ஆலிவர் லவிங் என்பவரோடு சேர்ந்து டெக்சஸிலிருந்து நியூ மெக்சிகோவுக்கு மாடு ஓட்டிப் போன வருடம் அது. ஒரு மந்தையை ஓட்டிப்போகிற குழு என்றால் பத்துப் பன்னிரண்டு ஆட்கள்தான். அவர்களுக்கு ஏற்ற அளவில், மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டிகளில் சமையல் நடந்தது. 50 பேர் என்றால் நாலு குழுவுக்குச் சமைக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியின் அளவைப் பெரிதாக்காமல் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

அந்தச் சட்டிக்குப் பெயர் டச்சு ஓவன். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: அடியில் கால் இருக்க வேண்டும், மூடி தட்டையாக இருக்க வேண்டும், மூடியைச் சுற்றி விரற்கடை உயரத்துக்கு விளிம்பு எழும்பி இருக்க வேண்டும். கால் இருந்தால்தான் அடியில் தணல் வைக்க இடம் கிடைக்கும். விளிம்பு இருந்தால்தான் மூடி மேல் வைத்த தணல் உருண்டு விழாது. தம் பிரியாணிக்கு மூடி மேல் கங்கு கொட்டுகிற அதே உத்திதான். கடைகளில் கிடைக்கும் எனாமல் பூசிய, உருண்டை மூடிச் சட்டி இதற்கு ஆகாது.

50 பேருக்கு வேண்டியவை: 14 அங்குல ஆழமான ஓவன் நாலு (ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9.5 லிட்டர்), 12 அங்குல ஓவன் மூன்று (ஏறக்குறைய 5.7 லிட்டர்), பீன்ஸுக்கு 20 லிட்டர் கனமான பாத்திரம் ஒன்று, காப்பிக்கு 8 லிட்டர் கெட்டில் இரண்டு. நிரம்பிய 14 அங்குல ஓவன் 20 கிலோ வரை கனக்கும். தோல் கையுறையும் மூடி தூக்கும் கொக்கியும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

பட்டியல்: மாட்டிறைச்சி ஸ்ட்யூ, பின்டோ பீன்ஸ் (புள்ளி போட்ட உலர்ந்த பயறு வகை), புளித்த மாவு பிஸ்கட், உலர் பீச் காப்லர் (பழத்தின் மேல் மாவு விட்டுச் சுடுகிற இனிப்பு), காப்பி. இதில் எதுவும் ஆடம்பரம் இல்லை. வண்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தவை மாவு, பீன்ஸ், உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, உலர்ந்த பழம், காப்பிக்கொட்டை ஆகியவைதான். மாடு விற்பனைக்கு என்பதால் தினமும் அடிக்க மாட்டார்கள். மிளகாயும் பின்டோ பீன்ஸும் மெக்சிகோக்காரர்கள் வழியாக வந்தவை. சமையல்காரரைக் "கூசி" என்று கூப்பிட்டதே ஸ்பானிஷில் சமையல்காரரைக் குறிக்கும் 'கொசினேரோ' என்ற சொல்லின் திரிபு.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால் ஒரு ஓவனை ஆட்டிறைச்சிக்கு ஒதுக்குங்கள். நடு டெக்சஸ் ஆடு வளர்ப்புக்குப் பேர் போன பகுதி, அதனால் அந்த மண்ணுக்கு ஆடும் அந்நியம் இல்லை. எலும்போடு ஆளுக்கு 300 கிராம் கணக்கு. சைவக்காரர்களுக்கு இன்னும் முக்கியமான விஷயம், பீன்ஸிலும் பிஸ்கட்டிலும் பன்றிக்கொழுப்பு மறைந்திருக்கும் என்பது. சொல்லாமல் பரிமாறக் கூடாது. பீன்ஸில் கால்பங்கைக் கொழுப்பில்லாமல் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், பிஸ்கட்டுக்கு வெண்ணெய் போடுங்கள்.

இனி தணல். இந்தச் சமையலில் முக்கால்வாசிப் பிழை இங்கேதான் நடக்கிறது, அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

விறகுத் தணல் அழகு. மெஸ்கீட் மரத்தின் தணலுக்குத் தனி மணமே உண்டு. ஆனால் அளவு எடுக்க முடியாது. புதிதாகச் செய்பவர்கள் பீன்ஸையும் காப்பியையும் விறகில் வைத்துக்கொண்டு, மற்றதற்குப் பிரிக்கெட் என்கிற அச்சுக்கரியைப் பயன்படுத்துவது நல்லது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு என்பதால் எண்ணிவிடலாம். ஓவனின் அங்குல அளவை இரட்டித்தால் வருகிற எண்ணிக்கை, ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தரும். 12 அங்குல ஓவனுக்கு 24 துண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 2 துண்டுக்கும் சுமார் 14 டிகிரி ஏறும். இது காற்றில்லாத மிதமான நாளுக்கான கணக்கு.

அந்த எண்ணிக்கையை மேலும் கீழும் எப்படிப் பிரிப்பது என்பது பண்டத்தைப் பொறுத்தது. வறுக்கவும் தாளிக்கவும் எல்லாம் அடியில். ஸ்ட்யூ மாதிரி மெல்லக் கொதிக்க வேண்டியதற்குப் பெரும்பங்கு அடியில், கொஞ்சம் மேலே. மாவுப் பண்டத்துக்கு நேர்மாறு, மூன்றில் இரண்டு பங்கு மூடி மேல். அடிச்சூடு நேரே இரும்பின் வழியாக மாவைத் தொடுகிறது, மேல்சூடோ காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. பாதிக்குப் பாதி வைத்தால் பிஸ்கட்டின் அடி கருகும்போது தலை வெள்ளையாகவே இருக்கும்.

அடித்தணலைக் குவியலாக வைக்காதீர்கள். ஓவனின் ஓரத்துக்கு அடியில் வளையமாக அடுக்குங்கள், நடு காலியாக இருக்கட்டும். நடுவில் வைத்தால் அந்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கருகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓவனைக் கால்வட்டம் ஒரு பக்கம் திருப்புங்கள், மூடியைக் கால்வட்டம் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். காற்றடிக்கிற பக்கத்துத் தணல் வேகமாக எரிந்து தீர்வதால், திருப்பாவிட்டால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக இருக்கும். காற்று பலமாக இருந்தால் தகரத்தால் மறைப்புக் கட்டுங்கள். ஈரமண் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் அடியில் ஒரு இரும்புத் தகடு போட்டு அதன் மேல் அடுக்குங்கள். மூடியில் சாம்பல் படிந்தால் தணல் மூச்சடைத்துப்போகும், துடைப்பத்தால் லேசாகத் தட்டிவிடுங்கள்.

கரியை நேரே போட்டுப் பற்றவைக்கக் கூடாது. சிம்னி என்கிற தகரக் குழாயில் போட்டு அடியில் காகிதம் கொளுத்தினால் 20 நிமிடத்தில் சாம்பல் பூத்த கங்காகும். ஒரு துண்டு முக்கால் மணி நேரம் சூடு தரும். ஆகவே ஒரு சிம்னி வேலையில் இருக்கும்போதே அடுத்த சிம்னி பற்றியிருக்க வேண்டும். "தணல் தீர்ந்த பிறகு மூட்டலாம்" என்று விட்டால் ஸ்ட்யூ அரை மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடக்கும், சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இந்தப் பட்டியலுக்கு 600 துண்டுக்கு மேல் ஆகும், எடையில் சுமார் 15 கிலோ. 20 கிலோவாக வாங்குங்கள்.

சாப்பாடு மாலை 6 மணிக்கு என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பீன்ஸ் வேலை முதல் நாள் இரவே தொடங்குகிறது. 3 கிலோ பின்டோவைப் பரப்பிக் கல் பொறுக்கி, 9 லிட்டர் தண்ணீரில் 110 கிராம் உப்புக் கரைத்து அதில் ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று சொல்வது தவறு. உப்பு தோலை இளக்குகிறது, தோல் வெடிக்காமல் உள்ளே வெண்ணெய்போல வேகும். வேகவிடாமல் தடுப்பவை புளிப்பும் சுண்ணாம்பு அதிகமுள்ள கடின நீரும்தான். டெக்சஸில் பல இடங்களில் தண்ணீர் கடினமானது. சந்தேகம் இருந்தால் வேகும் நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடுங்கள், அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசம் வரும். வருடக்கணக்கில் கிடந்த பீன்ஸை எதுவும் காப்பாற்றாது, புதிய சரக்காக வாங்குங்கள்.

மறுநாள் 11.30-க்கு விறகு மூட்டி, 12.30-க்குள் பீன்ஸை ஏற்றிவிடுங்கள். ஊறிய நீரை வடித்துவிட்டு 9 லிட்டர் புதுத் தண்ணீர், 700 கிராம் உப்பிட்ட பன்றிக்கொழுப்பு அல்லது பேக்கன், 1 கிலோ வெங்காயம், 2 முழுப் பூண்டு, காம்பு கிள்ளிய 8 பெரிய வற்றல் மிளகாய். மிளகாய் ஆன்சோ என்கிற காரம் குறைந்த மெக்சிகோ வகையாக இருந்தால் நல்லது, நம் குண்டு மிளகாய் போட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும், பிறகு நெருப்பைத் தள்ளி மெல்லக் கொதிக்கவிடுங்கள். இடையில் தண்ணீர் வற்றினால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். நாலு மணி நேரத்தில் வெந்துவிடும். ஒரு பீன்ஸை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பல் படாமல் மசிய வேண்டும். அதன் பிறகு 70 கிராம் உப்பு, தக்காளி சேர்ப்பதாக இருந்தால் அதுவும் அப்போதுதான். கடைசியில் இரண்டு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்தால் குழம்பு கூடிவரும்.

ஸ்ட்யூவுக்கு 10 கிலோ மாட்டுத் தோள்கறி, 4 சென்டிமீட்டர் துண்டுகளாக. அமெரிக்கக் கசாப்புக்கடையில் இந்தப் பகுதிக்கும் சக் என்றுதான் பெயர். வண்டியின் பெயர் அதிலிருந்து வந்ததல்ல, அந்தக்காலப் பேச்சுவழக்கில் 'சக்' என்றால் சாப்பாடு. தொடைக்கறி வாங்காதீர்கள். தோள்கறியில் ஜவ்வு அதிகம், அது இரண்டரை மணி நேரம் மெல்ல வெந்தால் கரைந்து குழம்புக்கு வழவழப்பைத் தருகிறது. தொடைக்கறியில் அது குறைவு, நார் நாராக வறண்டுபோகும்.

நாலு ஓவனுக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு: கறி 2.5 கிலோ, வெங்காயம் 750 கிராம், பூண்டு 50 கிராம், தகரத்தக்காளி 800 கிராம், கொதிநீர் 1.3 லிட்டர், உருளை 1.5 கிலோ, கேரட் 600 கிராம், மைதா 100 கிராம், கொழுப்பு 100 கிராம், உப்பு 50 கிராம், மிளகு 10 கிராம், மிளகாய்த்தூள் 15 கிராம், சீரகத்தூள் 5 கிராம், பிரிஞ்சி இலை 3. தகரத்தில் அடைத்த தக்காளி கௌபாய் காலத்திலேயே மேற்கே வந்துவிட்ட சரக்குதான், அதனால் மனம் உறுத்த வேண்டாம்.

1.30-க்கு ஒவ்வொரு ஓவனின் அடியிலும் 25 துண்டு தணல். கொழுப்பு உருகிப் புகை தட்டத் தொடங்கும்போது, துணியில் ஒற்றி ஈரம் எடுத்த கறியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் இரும்பு குளிர்ந்து, கறி நீர்விட்டு, வறுபடாமல் சாம்பல் நிறத்தில் வேகும். போட்டதும் கிளறாதீர்கள். முதலில் துண்டு இரும்பைக் கவ்விப் பிடித்திருக்கும். நாலைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் செம்பழுப்பு ஓடாக மாறியதும் தானாக விட்டுக்கொடுக்கும், இடுக்கியால் தொட்டாலே நகரும். அப்போது புரட்ட வேண்டும். மூன்று ஈடும் முடிந்தபின் வெங்காயம், பூண்டு, தூள்கள், மைதா போட்டு இரண்டு நிமிடம் வதக்கி, கொதிநீர் ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டி எடுங்கள். ஸ்ட்யூவின் நிறமும் ருசியும் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஓவன் விரிசல் விடும்.

கறியும் தக்காளியும் சேர்த்து 2.30-க்கு மூடிவிடுங்கள். அடியில் 16, மூடியில் 8. 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஓவனுக்குப் பதினைந்து புதுத்துண்டு. திறந்து பார்த்தால் அங்கங்கே ஒரு குமிழி வர வேண்டும். கொப்பளித்துக் கொதித்தால் அடித்தணலில் நாலைந்தை எடுங்கள், கறி இறுகிவிடும். உருளையும் கேரட்டும் 4.15-க்குத்தான். முன்பே போட்டால் உருளை கரைந்து, மாவாகி, அடிபிடிக்கும். 5.15-க்குப் பதம் வந்துவிடும். பிறகு அடியில் ஆறு துண்டு மட்டும் விட்டு மூடி வைத்தால் பரிமாறும்வரை சூடு நிற்கும்.

பிஸ்கட் என்றதும் டீயில் தோய்க்கிற பிஸ்கட்டை நினைக்காதீர்கள். இது மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக இருக்கிற சின்ன ரொட்டி. வேகனில் புளித்த மாவு ஒரு மரப்பீப்பாயில் இருக்கும். குளிர் இரவுகளில் சமையல்காரர் அதைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார். குளிர்ந்தால் மாவு புளிப்பது நின்றுபோகும், மறுநாள் ரொட்டி எழும்பாது.

முந்தின இரவு 150 கிராம் பழைய புளித்த மாவோடு 675 கிராம் மைதா, 675 மில்லி தண்ணீர் கலந்து வைத்தால் காலையில் 1.5 கிலோ பொங்கிய மாவு கிடைக்கும். கோடையில் இட்லி மாவு போலவே பொங்கி வழியும், பெரிய பாத்திரத்தில் வையுங்கள். காலையில் பொங்கியதும் ஐஸ்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், மாலைவரை வெளியில் கிடந்தால் அளவுக்கு மீறிப் புளிக்கும். மாலை 4 மணிக்கு 2.5 கிலோ மைதா, 80 கிராம் பேக்கிங் பவுடர், 18 கிராம் சமையல் சோடா, 50 கிராம் உப்பு, 60 கிராம் சர்க்கரை எல்லாவற்றையும் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். சோடாவைச் சலிக்காவிட்டால் பிஸ்கட்டில் மஞ்சள் புள்ளி விழும், அந்தக் கடி கசக்கும். 500 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்து, புளித்த மாவும் 1.1 லிட்டர் பாலும் சேர்த்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசையவே கூடாது, பிசைந்தால் ரப்பர். ஐந்தாறு முறை மடித்து அழுத்தி, 2 சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, 6 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டுங்கள். வெட்டும் வளையத்தைத் திருகாமல் நேரே அழுத்தி எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். 96 பிஸ்கட் வரும், அரைமணி நேரம் துணி மூடி வையுங்கள்.

12 அங்குல ஓவன்களை மூடியோடு முன்பே சூடாக்கி, உள்ளே இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, ஒவ்வொரு பிஸ்கட்டின் முகத்தையும் அதில் தொட்டுப் புரட்டி, ஒன்றையொன்று ஒட்டினாற்போல 16 அடுக்குங்கள். நெருக்கமாக இருந்தால் பக்கவாட்டில் பரவ இடமின்றி மேலே எழும்பும். அடியில் 10, மூடியில் 21 தணல். முதல் பத்து நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். 18 நிமிடத்தில் தலை பொன்னிறமாகும். அடி வெந்து மேல் வெளுத்திருந்தால் ஓவனை அடித்தணலிலிருந்து தூக்கி வெறும் தகட்டில் வைத்து, மேல்தணலில் மட்டும் மூன்று நிமிடம் விடுங்கள். 5.10-க்கு ஒரு ஈடு, 5.35-க்கு இன்னொன்று. மூன்று ஓவனிலும் சேர்த்து கணக்கு முடிந்துவிடும். வெந்ததைத் துணி விரித்த பெட்டியில் மூடி வையுங்கள்.

காப்லரை ஆட்கள் சாப்பிட உட்காரும்போது ஏற்றினால் போதும், பிஸ்கட் வெந்த ஓவன்களே காலியாகிவிடும். 2 கிலோ உலர் பீச்சை நண்பகலிலேயே 4 லிட்டர் வெந்நீரில் ஊறவைத்து, 900 கிராம் சர்க்கரையோடு 20 நிமிடம் கொதிக்கவிட்டு வைத்திருங்கள். மேல்மாவு: மைதா 1.2 கிலோ, சர்க்கரை 300 கிராம், உருக்கிய வெண்ணெய் 350 கிராம், பால் 1 லிட்டர், பேக்கிங் பவுடர் 40 கிராம், உப்பு 12 கிராம். பழம் சூடாக இருக்கும்போதே மாவைக் கரண்டி கரண்டியாக மேலே விடுங்கள். ஆறிய பழத்தில் விட்டால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் கொழகொழவென்று நிற்கும். அடியில் 8, மேலே 17, முக்கால் மணி நேரம். இறக்கி 15 நிமிடம் ஆறவிட்டால்தான் சாறு கெட்டியாகும்.

காப்பிக்கு 15 லிட்டர் தண்ணீர், 1 கிலோ தூள். நம் வீட்டு ஃபில்டர் காப்பித்தூள் இதற்கு ஆகாது: அது மெல்லிய தூள், அடியில் படியாது, சிக்கரி வேறு. ரவைபோலக் கரகரப்பாக அரைத்த தனிக்காப்பி வேண்டும். தண்ணீர் கொதித்ததும் நெருப்பிலிருந்து இறக்கி, தூளைப் போட்டுக் கிளறி ஐந்து நிமிடம் விட்டு, கெட்டிலுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த நீரை மேலே தெளியுங்கள், சக்கை கீழே இறங்கிவிடும். நெருப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும். அந்தக் காலத்தில் மாடு ஓட்டிப்போகும் பாதைகளில் ஆர்பக்கிள் என்ற நிறுவனத்தின் காப்பிதான் பிரபலம். வறுத்த கொட்டைப் பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி இருக்கும், கொட்டை அரைத்துக் கொடுக்கிற கௌபாய்க்கு அந்த மிட்டாய் கூலி.

பாதுகாப்பில் மூன்று விஷயம். பச்சைக்கறி ஐஸ்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், வெட்டும் பலகை தனி. வெந்தது 60 டிகிரிக்கு மேலேயே நிற்க வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஆறிய ஸ்ட்யூவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. மிஞ்சினால் ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி உடனே ஐஸ்பெட்டிக்குள். கனமான இரும்பில் அப்படியே விட்டால் பல மணி நேரம் வெதுவெதுப்பாக இருந்து கெட்டுவிடும்.

நெருப்பு மூட்டும் முன் அந்தக் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) தீத்தடை அமலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சஸில் வறட்சி நாட்களில் கவுன்ட்டி வாரியாகத் தடை போடுவார்கள், சில இடங்களில் கரி அடுப்புக்கும் சேர்த்து. நெருப்பைச் சுற்றிலும் மூன்று மீட்டர் தூரத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் மண்வெட்டியும் வையுங்கள். பரிமாறி முடித்ததும் காப்லர் ஓவன்களை முதலில் காலி செய்யுங்கள், பழப்புளிப்பு இரவெல்லாம் நின்றால் இரும்பின் கருமெருகை அரித்துவிடும். வெந்நீரில் தேய்த்துக் கழுவி, தணல் மேல் காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவி, மூடிக்கு நடுவே ஒரு காகிதத்தை மடித்துச் சொருகி வையுங்கள். சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிச் சூடு தெரியாத பிறகு கிளம்புங்கள்.